வேட்டி இடுப்புக்கு எந்தக் கைத்துப்பாக்கி?

ஒரு கிலோ கல்லுப்புப் பொட்டலத்திலிருந்து கால் கிலோவைக் கொட்டிவிட்டு, மீதியைத் துணியில் இறுக்கி முடிந்து, வலது இடுப்பில் வேட்டிக்குள் செருகிக்கொள்ளுங்கள். காலையில் செருகியதை இரவு படுக்கப் போகும்போதுதான் எடுக்க வேண்டும். இடையில் காரைக்குடி செக்காலை ரோட்டில் ஸ்கூட்டர் ஓட்ட வேண்டும், கல்லாவில் உட்கார வேண்டும், பந்தியில் சம்மணமிட்டுச் சாப்பிட வேண்டும், வீட்டுப் பெரியவர்கள் காலில் விழுந்து எழுந்திருக்க வேண்டும். ஆறு தோட்டா நிரப்பிய சாதாரண .32 ரிவால்வரின் எடை ஏறக்குறைய இந்த உப்பு மூட்டைதான். மூன்று நாள் இப்படி இருந்து பார்த்துவிட்டுத் துப்பாக்கிக் கடைக்குப் போனால், அங்கே எடுக்கும் முடிவு வேறாக இருக்கும். நான்காம் நாளே உப்பை எடுத்து அடுக்களையில் வைத்துவிட்டவர், துப்பாக்கியையும் அப்படித்தான் வீட்டில் போட்டுவிட்டுப் போவார். ஆளில்லாத வீட்டில் கிடக்கும் துப்பாக்கி திருடனுக்கு வாங்கி வைத்தது போல.

இந்த வழிகாட்டி, தற்காப்புக்கென உரிமம் பெற்றவர்களுக்கும் பெறப் போகிறவர்களுக்கும். உரிமத்துக்கான வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள் ஆகிய இரண்டும்தான் அடிப்படை. வயது 21 நிரம்பியிருக்க வேண்டும். படிவம் ஏ-1 விண்ணப்பம் மாவட்ட ஆட்சியருக்குப் போகும். அதோடு பயிற்சிச் சான்றிதழ், பாதுகாப்பாக வைப்பேன் என்ற உறுதிமொழி, உடல் நலமும் மனநலமும் சரியென்ற மருத்துவச் சான்று ஆகியவையும் வேண்டும். காவல் துறை விசாரணை முடிந்த பிறகே முடிவு வரும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது; உரிமத்தின் காலம் ஐந்து ஆண்டு.

தோட்டாவிலிருந்து தொடங்க வேண்டும்

அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்துவிட்டு க்ளாக் 19, சிக் பி365 என்று பெயர் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. அவை 9 மி.மீ. விட்டமுள்ள தோட்டாவைச் சுடும் துப்பாக்கிகள். இந்தியாவில் 9 மி.மீ. தடை செய்யப்பட்ட ரகம்; .38, .455 ரிவால்வர்களும் (இந்த எண்கள் அங்குல அளவு) அப்படியே. ஆட்சியர் தரும் சாதாரண உரிமத்தில் இவற்றை வாங்க முடியாது. செட்டிநாட்டு வீடுகளில் இதற்கு இன்னொரு முக்கியத்துவம் உண்டு. பர்மா, மலாயா நாள்களில் வாங்கி வந்த பழைய ரிவால்வர் பெட்டகத்தில் இருந்தால், குழலில் பொறித்திருக்கும் அளவை முதலில் படியுங்கள். அது .455 என்றிருந்தால், ‘தாத்தாவுடையது’ என்ற ஒரே காரணத்தால் அது உங்களுடையதாகிவிடாது. முறையான உரிமம் இல்லாத எந்தத் துப்பாக்கியையும் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிய பிறகுதான் வாரிசு உரிமத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

ஆகவே கைக்கு எட்டுவது பெரும்பாலும் .32. இதிலும் ஒரு குழி இருக்கிறது. ‘.32’ என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு தோட்டாக்கள் உண்டு. பிஸ்டலுக்கானது (பிடிக்குள் செருகும் மேகசினிலிருந்து தோட்டா வருவது பிஸ்டல்; சுழலும் உருளையில் தோட்டா நிற்பது ரிவால்வர்) .32 ஏசிபி: 1899-இல் பிரவுனிங் வடிவமைத்தது, தோட்டாவின் உலோகக் கூட்டின் நீளம் 17 மி.மீ. ரிவால்வருக்கானது .32 ஸ்மித் அண்ட் வெஸன் லாங்: கூட்டின் நீளம் 23 மி.மீ., அடியில் அகலமான விளிம்பு உண்டு. பிஸ்டல் தோட்டா சில ரிவால்வர்களின் உருளையில் தோட்டா நிற்கும் அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். போகிறதே என்று சுடக் கூடாது. அந்த அறை அந்தத் தோட்டாவின் அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டதல்ல. தோட்டா வாங்கும்போது ‘.32 கொடுங்கள்’ என்று மட்டும் சொல்லாமல், பிஸ்டலுக்கா ரிவால்வருக்கா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெட்டியின் மேல் எழுதியிருப்பதும் குழலில் பொறித்திருப்பதும் ஒன்றுதானா என்று கடையிலேயே ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டு தோட்டாவுக்கும் வலிமையில் பெரிய வித்தியாசம் இல்லை. ‘எது பவர் ஜாஸ்தி’ என்ற பேச்சை இங்கேயே விட்டுவிடலாம். சுடும்போது கையில் விழும் உதை குறைவு, அதனால் புதியவரும் குறி தவறாமல் அடுத்தடுத்துச் சுடப் பழகலாம் என்பதுதான் .32-இன் நல்ல குணம்.

.22 ரிவால்வரும் உண்டு. மேற்கு வங்கத்து இஷாப்பூர் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலையின் ‘நிடர்’ ஏறக்குறைய 250 கிராம்தான், எட்டுத் தோட்டா பிடிக்கும். உப்பு மூட்டைச் சோதனையில் இது நூற்றுக்கு நூறு வாங்கும். ஆனால் .22 தோட்டாவில் தீப்பற்றும் மருந்து அடி விளிம்பைச் சுற்றித் தடவப்பட்டிருக்கும். நடுவில் தனித் தொப்பி வைத்த தோட்டாவைவிட இது வெடிக்காமல் போகும் வாய்ப்பு அதிகம். கை நடுங்கும் முதியவருக்கு, வேறு எதையும் தூக்க முடியாதவருக்கு இது சரி, மற்றவர்களுக்கு இரண்டாம்பட்சமே.

பிஸ்டலா, ரிவால்வரா?

புதியவருக்கு எங்கள் பதில் ரிவால்வர். காரணங்களைப் பார்த்துவிட்டு நீங்கள் மாற்றுக் கருத்துக்கும் வரலாம்.

பிஸ்டலின் பெரிய லாபம் தட்டையான உடம்பு. .32 பிஸ்டல் ஒன்றரை விரற்கடை கனம்தான் இருக்கும். ரிவால்வரின் உருளை அதைவிடப் புடைத்து நிற்கும். மெல்லிய வெள்ளைச் சட்டைக்குள் அந்தப் புடைப்பு தெரியும். மேகசினைக் கழற்றி மாட்டுவதும் எளிது. இஷாப்பூரில் செய்யப்படும் ‘அஷானி’ இந்த வகை. பழைய இறக்குமதிகளில் வால்தர் பிபிகே பெயர் பெற்றது: 1931-இல் வந்தது, குழல் 83 மி.மீ., மேகசினில் ஏழு தோட்டா. பொதுமக்களுக்கான இறக்குமதி 1980-களிலேயே நின்றுவிட்டதால் இப்படிப்பட்ட பழைய துப்பாக்கிகளுக்குப் பல லட்சம் விலை சொல்வார்கள். அந்த விலை கிராக்கியால் வந்தது. அதைத் தரம் என்று எண்ணிவிடாதீர்கள். ஸ்பிரிங், எக்ஸ்ட்ராக்டர் (சுட்ட கூட்டை வெளியே இழுக்கும் கொக்கி) போன்ற உதிரிகள் கிடைக்காத பிஸ்டலை அன்றாடப் பயன்பாட்டுக்கு வாங்குவது, டயர் கிடைக்காத பழைய காரை மதுரைக்குத் தினமும் ஓட்ட வாங்குவது போன்றது.

பிஸ்டலின் சிக்கல்கள் கையில் எடுத்த பிறகுதான் தெரியும். முதலாவது, ஸ்லைடை, அதாவது மேலே முன்னும் பின்னும் ஓடும் உலோகப் பகுதியை, இழுப்பது. .32 பிஸ்டல்களில் ஸ்லைடைப் பிடித்து நிறுத்துவது பெரும்பாலும் ஸ்பிரிங்கும் ஸ்லைடின் எடையும்தான். அதனால் ஸ்பிரிங் கடினமாக இருக்கும். அறுபதைத் தாண்டியவர்கள், மூட்டுவலி உள்ளவர்கள், சிறிய கை உள்ளவர்கள் கடையில் இருபது தடவை இழுத்துப் பார்க்கட்டும். பதினைந்தாவது தடவை கை வழுக்கினால் அது உங்களுக்கான பிஸ்டல் அல்ல.

இரண்டாவது, விளிம்புப் பூட்டு. .32 ஏசிபி தோட்டாவின் அடிவிளிம்பு, கூட்டைவிட மயிரிழை அகலம். மேகசினில் மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய்விட்டால் இரண்டும் கொக்கி மாட்டிக்கொள்ளும். ஸ்லைடு தள்ளினாலும் தோட்டா நகராது. இதைத் தவிர்க்க, மேகசினில் போடும் ஒவ்வொரு தோட்டாவின் விளிம்பும் அதற்குக் கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் இருக்கிறதா என்று பக்கத்துத் துளை வழியாகப் பாருங்கள். மாட்டிக்கொண்டால் ஸ்லைடை அடித்துத் தள்ளாதீர்கள். மேகசினைக் கழற்றி, கீழ்த் தோட்டாக்களை ஒரு குச்சியால் அமுக்கினால் மேலே உள்ளது விடுபடும்.

மூன்றாவது, மறதி. மேகசினைக் கழற்றிவிட்டால் பிஸ்டல் காலி என்று நினைப்பதுதான் வீட்டு விபத்துகளின் தாய். குழலின் அறையில் ஒரு தோட்டா இன்னும் இருக்கலாம். முதலில் மேகசின், பிறகு ஸ்லைடு, பிறகு கண்ணாலும் சுண்டு விரலாலும் அறையைத் தொட்டுப் பார்ப்பது என்ற வரிசை மாறவே கூடாது. வரிசையைத் திருப்பி முதலில் ஸ்லைடை இழுத்தால், மேகசினிலிருந்து அடுத்த தோட்டா அறைக்குள் போய்விடும்.

ரிவால்வரில் இந்த மூன்றும் இல்லை. உருளையைத் திறந்தால் ஆறு துளையும் கண்முன்னே. தோட்டா வெடிக்காவிட்டால் விசையை மறுபடி இழுத்தால் அடுத்தது வந்துவிடும். பிஸ்டலில் ஸ்லைடை இழுத்துத்தான் பழையதை வெளியே தள்ள வேண்டும். ரிவால்வரின் குறை, விசையின் கனம். சுத்தியலை முன்கூட்டி இழுக்காமல் நேரடியாகச் சுட்டால் ஐந்து, ஆறு கிலோ அழுத்தம்கூட வேண்டியிருக்கலாம். நடுக்கம் இல்லாமல் இழுக்க விரலுக்குப் பழக்கம் வேண்டும். அதே கனம்தான் தற்செயலாக வெடிப்பதையும் தடுக்கிறது.

கான்பூரில் செய்யப்படும் ரிவால்வர்களில் மூன்றைப் பார்க்கலாம். மார்க் 3, பழைய ஆங்கிலேய வெப்லி ரிவால்வரின் அமைப்பில் நடுவில் மடிந்து திறப்பது; திறந்ததும் ஆறு கூடும் மேலெழும்பி விழும். ‘நிர்பீக்’ 2014-இல் வந்தது, டைட்டானியம் கலந்த உலோகம், ஏறக்குறைய 500 கிராம். ‘பிரபல்’ 2023 ஆகஸ்டில் வந்தது. உருளை பக்கவாட்டில் திறக்கும், குழல் 76 மி.மீ., தோட்டா இல்லாமல் 700 கிராம். ஐம்பது மீட்டர் வரை சுடும் என்று விளம்பரம் செய்யப்பட்டது. தற்காப்புக்கு அந்தத் தூரக் கணக்கு தேவையே இல்லை. ஐம்பது மீட்டரில் நிற்பவரிடமிருந்து விலகிப் போக வழியிருக்கும்போது சுட்டால், தற்காப்பு என்று நீதிமன்றத்தில் நிறுவுவது கடினம். பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தில் தற்காப்பு பற்றிச் சொல்லும் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளை, தோட்டா வாங்கும் முன்பே ஒரு வக்கீலிடம் உட்கார்ந்து படித்துக்கொள்ளுங்கள்.

அன்றாடம் இடுப்பில் வைப்பதென்றால், இம்மூன்றில் எடை குறைந்ததற்கே முதலிடம். 200 கிராம் வித்தியாசம் கடையில் தெரியாது, மாலை ஐந்து மணிக்குத் தெரியும். ஆனால் எடை குறையக் குறைய உதை கூடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கடையில் என்ன பார்ப்பது

புதியதானாலும் பழையதானாலும் முதலில் காலியா என்று நீங்களே பாருங்கள். விற்பவர் பார்த்துக் காட்டினாலும் நீங்கள் ஒரு முறை பார்ப்பது தவறல்ல, எந்த நல்ல கடைக்காரரும் கோபித்துக்கொள்ள மாட்டார். பிறகு:

பிடியை இறுக்கிப் பிடியுங்கள். சுண்டு விரல் அந்தரத்தில் தொங்கினாலும் பரவாயில்லை, மற்ற மூன்று விரலும் உட்கார வேண்டும். ஆள்காட்டி விரலின் முதல் கணுவின் சதை விசையில் படிய வேண்டும். நுனி மட்டும் எட்டினால் விசையை இழுக்கும்போது குழல் பக்கவாட்டில் திரும்பும்.

பிஸ்டலில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள சவ்வுக்கு மேல் ஸ்லைடு எவ்வளவு தாழ்வாக ஓடுகிறது என்று பாருங்கள். சதைப்பிடிப்பான கையை அது கீறிவிடும்.

பழையதென்றால் குழலுக்குள் சிறு டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே சுழலும் வரிகள் கூர்மையாகத் தெரிய வேண்டும். அம்மைத் தழும்பு போலக் குழிகள் இருந்தால் துரு தின்றிருக்கிறது. ஒரு வளையம் போலத் தனியாக வீங்கித் தெரிந்தால் கையில் எடுத்ததைக் கீழே வைத்துவிட்டு வாருங்கள்: ஒரு குண்டு உள்ளே சிக்கியிருந்தபோது அடுத்ததைச் சுட்ட அடையாளம் அது.

ரிவால்வரில், ஒவ்வொரு துளைக்கும் சுத்தியலை மெதுவாக இழுத்து, உருளை சரியாக வந்து பூட்டுகிறதா என்று ஆறு முறையும் சோதியுங்கள். பூட்டிய பின் கையால் அசைத்தால் கடகடவென்று ஆடக் கூடாது. துளையும் குழலும் நேராக நிற்காவிட்டால் குண்டு குழலின் வாயில் உரசி ஈயத்தைச் சிதறடிக்கும்.

விலை பேசி முடித்த பிறகு, துப்பாக்கியின் எண்ணை உரிமத்தில் எழுதியதோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். ஓர் எண் மாறியிருந்தால் திருத்தம் வாங்க எத்தனை நடை அலைய வேண்டியிருக்கும் என்பது கலெக்டர் ஆபீஸ் வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும். தெரிந்தவரிடமிருந்து நேரடியாக வாங்குவதானால், விற்பவர் மாவட்ட ஆட்சியருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிந்த பிறகுதான் கைமாற்ற முடியும். ‘சும்மா கொண்டுபோய் வைத்துக்கொள், பிறகு எழுதிக்கலாம்’ என்பது உறவுமுறையில் சொல்லும் பேச்சு. சட்டத்தில் அது இருவருக்கும் குற்றம்.

உறையும் உடையும்

2016 விதிகளின்படி பொது இடத்தில் கைத்துப்பாக்கி உடலோடு பிணைத்த உறையிலோ அதற்கான பையிலோ, முழுவதும் மறைந்தபடி, உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். வெளியே தெரியும்படி செருகிக்கொண்டு கெத்துக் காட்டுவது உரிமத்தைப் பறிகொடுக்கும் வழி.

வேட்டிக்குக் கட்டும் அகலப் பச்சை பெல்ட் பணத்துக்கும் போனுக்கும்தான். துப்பாக்கியின் எடையில் அது ஒரு பக்கம் சரிந்து, அரை மணிக்கொரு தடவை இழுத்துவிடச் சொல்லும். அப்படி அடிக்கடி இடுப்பைத் தொடுவதே பார்ப்பவர்களுக்குக் காட்டிக்கொடுக்கும். வேட்டிக்கு உள்ளே தனியாக, வயிற்றைச் சுற்றி இறுகும் எலாஸ்டிக் பட்டை உறைதான் பொருத்தம். ஆனால் துணிப் பட்டையில் விசைக்கு முன்னால் கெட்டியான தகடோ பிளாஸ்டிக்கோ கட்டாயம் இருக்க வேண்டும். வெறும் துணி வழியாக விரலோ சாவியோ விசையில் பட்டுவிடும். பேன்ட் போடுபவர்களுக்கு ஒன்றரை அங்குலக் கெட்டித் தோல் பெல்ட்டும், இடுப்புக்கு உட்புறம் செருகும் உறையும் போதும். கணுக்கால் உறை வேட்டியோடு ஒத்துவராது, தோள் உறைக்கு மேலே கோட்டு வேண்டும். சித்திரை வெயிலில் கோட்டுப் போட்டு நடப்பவரைத்தான் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

சேலைக்கு இடுப்பு உறை சரிவராது. துப்பாக்கிக்கென்றே தனி ஜிப் அறை உள்ள தோள்பைதான் வழி. அந்த அறையில் சில்லறையோ லிப்ஸ்டிக்கோ எதுவும் கூடாது. பையை வங்கிக் கவுன்டரிலோ துணிக்கடை மேசையிலோ வைத்துவிட்டு நகராதீர்கள்.

அறையில் தோட்டாவோடு பிஸ்டலை வைத்துக்கொள்வதா என்பது பெரிய வாதம். பழைய பிஸ்டல்கள் பலவற்றில், கீழே விழுந்தால் ஊசி முன்னால் போவதைத் தடுக்கும் பூட்டு கிடையாது. அவற்றுக்கும், முதல் வருடத்துப் புதியவருக்கும், மேகசின் நிரம்பியிருக்கட்டும், அறை காலியாக இருக்கட்டும். எடுத்துச் சுட ஒரு விநாடி கூடும்தான். ஸ்கூட்டரிலிருந்து இறங்கும்போது தொடையில் சுட்டுக்கொள்வதைவிட அது மேல்.

வியர்வை, எண்ணெய்

காரைக்குடி வெயிலில் நீலம் பூசிய எஃகு சில நாளிலேயே செந்நிறம் காட்டும். வியர்வையின் உப்பு பிடியின் திருகுகளிலும் விசையின் இடுக்கிலும் போய் உட்காரும். இரவில் கழற்றியதும் காலி செய்து, பழைய வேட்டித் துணியால் துடைத்து, மெல்லிய எண்ணெய்த் துணியால் ஒரு தடவை நீவினால் போதும். துப்பாக்கி எண்ணெய் தீர்ந்துவிட்டால் தையல் மெஷின் எண்ணெய் தற்காலிகமாகச் சமாளிக்கும். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம். நாளடைவில் பிசினாகி விசையைப் பிடித்துக்கொள்ளும். தோட்டாவின் மேல் எண்ணெய் படவே கூடாது, தொப்பியின் இடுக்கு வழியாக மருந்தை நமத்துவிடும். இடுப்பில் சுமந்த தோட்டாக்களை ஆறு மாதத்துக்கு ஒரு முறை பயிற்சியில் சுட்டுவிட்டுப் புதியவற்றை வையுங்கள். உரிமத்தில் எழுதிய எண்ணிக்கைக்குள் இதற்கும் இடம் ஒதுக்கித்தான் வாங்க வேண்டும்.

தோல் உறைக்குள் வைத்தே துப்பாக்கியைப் பெட்டியில் பூட்டாதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

பயிற்சியைத் தோப்பிலோ கண்மாய்க் கரையிலோ வைத்துக்கொள்ளக் கூடாது. மதுரை, திருச்சி ரைஃபிள் கிளப்புகள் போன்ற இடங்களில் உறுப்பினராகிச் சுடுங்கள். ஏழு மீட்டரில் உள்ளங்கை அளவு வட்டத்துக்குள் ஆறும் விழும் வரை தூரத்தைக் கூட்ட வேண்டாம். சத்தம் வழக்கத்தைவிட ‘புஸ்’ என்று வந்தால் அடுத்ததைச் சுடாமல் நிறுத்தி, காலி செய்து, குழலில் குண்டு சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். வெடிக்கவே இல்லை என்றால் குழலை இலக்கின் பக்கமே வைத்து முப்பது விநாடி காத்திருங்கள். தாமதமாக வெடிப்பதும் உண்டு.

பங்கு வீட்டில் பூட்டுவது

செட்டிநாட்டில் பெரிய சிக்கல் இதுதான். பொது வீட்டின் இரும்புப் பெட்டிக்குப் பங்காளிகள் எல்லோரிடமும் சாவி உண்டு. இரண்டாம் கட்டில் யார் வீட்டுப் பிள்ளை எந்த அறைக்குள் போகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. துப்பாக்கி உரிமதாரரின் பொறுப்பில் மட்டும் இருக்க வேண்டியது. உங்கள் பங்கு அறையில், சுவரிலோ தரையிலோ போல்ட் போட்டு இறுக்கிய சிறிய எஃகுப் பெட்டி, சாவி உங்களிடம் மட்டும். தோட்டா வேறு பெட்டியில். வருடத்தில் பத்து மாதம் பூட்டிக் கிடந்து காவல்காரர் மட்டும் இருக்கும் வீட்டில் துப்பாக்கியை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போகக் கூடாது. உரிமம் பெற்ற கடையில் ஒப்படைத்துவிட்டு ரசீதோடு போங்கள்.

காலி செய்யும்போது குழல் எங்கே பார்க்கிறது என்பதும் இங்கே தனிக் கவனம் கேட்கும். ஆத்தங்குடித் தளமும் பளிங்குத் தரையும் கெட்டியானவை. தவறிச் சுட்ட குண்டு அவற்றில் பட்டுத் தெறித்து எங்கே போகும் என்று சொல்ல முடியாது. ஒரு வாளி நிறைய மணலை மூலையில் வைத்து, குழலை அதற்குள் பார்க்கப் பிடித்தபடி காலி செய்யுங்கள்.

உரிமத்தின் எல்லையையும் படியுங்கள். சிவகங்கை மாவட்டத்துக்கு மட்டும் என்று எழுதியிருந்தால், காரைக்குடியிலிருந்து திருமயத்துக்கோ பொன்னமராவதிக்கோ இடுப்பில் துப்பாக்கியோடு போவது குற்றம். அவை புதுக்கோட்டை மாவட்டம். கல்யாணம், திருவிழா, சாப்பாட்டோடு மது இருக்கும் இடம் எதற்கும் துப்பாக்கி வேண்டாம். கொண்டாட்டத்துக்கு வானத்தை நோக்கிச் சுட்டுப் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவித்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

தேர்தல் அறிவிப்பு வந்ததும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரும். கொண்டுபோகும் முன் காலி செய்து, குழலுக்குள் எண்ணெய் துடைத்து, எண் தெரியும்படி இரண்டு பக்கமும் படம் எடுத்துவையுங்கள். தோல் உறையோடு கொடுக்காமல் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, மேலே பெயரும் எண்ணும் எழுதிய சீட்டைக் கட்டி ஒப்படையுங்கள். ரசீதில் மேகசின்கள் எத்தனை என்பதையும் எழுதச் சொல்லுங்கள். திரும்ப வாங்கும்போது முதல் வேலை, அங்கேயே அறையைத் திறந்து பார்ப்பது.